அப்பா போட்ட தளமும் நான் போட்ட ஒட்டும்

அப்பா படுத்திருக்கும் கட்டிலின் தலைமாட்டிலிருந்து 2 அடி 4 அங்குலம் தள்ளி, 2023 நவம்பர் மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு, கூரையிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. கல்லூரியில் கணிதம் கற்பிப்பவள் என்பதால் எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அன்று நான் அளவு நாடாவை எடுத்தது பழக்கத்தால் அன்று. அப்பாவின் முகத்தைப் பார்க்காமலிருக்க எனக்கு ஏதாவது ஒரு வேலை தேவைப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் இருந்து, சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்குத் தளம் போட்டவர், 78 வயதில் இடுப்பெலும்பு முறிந்து, தம் சொந்த வீட்டின் ஒழுகலுக்குக் கீழே படுத்திருந்தார். கட்டிலை இரண்டடி நகர்த்தி, சொட்டுக்கு நேரே ஒரு வாளியை வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாளிக்குள் ஒரு பழைய துணியைப் போடச் சொன்னார். சத்தம் கேட்காமல் இருக்கும் என்றார்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 1986-இல் இந்த வீட்டை அப்பாவே கட்டினார். பகலெல்லாம் கூலி வேலைக்குப் போய்விட்டு, மாலையில் வந்து அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் சுவர்களை எழுப்பினார். கம்பி கட்டிய காங்கிரீட் தளத்தின் மேல், செங்கல் ஜல்லியையும் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் கலந்து தட்டிய சுண்ணாம்புத் தளம். அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. டெல்டாவில் அக்காலத்து மாடி வீடுகள் பலவற்றிலும் இதே அமைப்புத்தான். 37 ஆண்டுகள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் எத்தனையோ புயல்களையும் பார்த்த தளம் அது. அதுவரை ஒரு சொட்டுக்கூட உள்ளே விட்டதில்லை.

அப்படியிருக்க அது ஏன் இப்போது ஒழுகியது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதமும் 4,800 ரூபாயும் ஆயின. விடை நான்தான் என்பது கடைசியில் தெரிந்தது.

முதல் தவறு, சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்தது. டிசம்பரில் ஓர் ஆளை அழைத்து, அந்த இடத்துக்கு மேலிருந்த தட்டோட்டு இணைப்புகளைச் சுரண்டி, சிமெண்ட்டோடு ஏதோ ஒரு நீர்த்தடுப்பு மருந்தைக் கலந்து அடைக்கச் செய்தேன். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் பருவம் தப்பிக் கொட்டிய மழையில் வாளி மறுபடியும் நிறைந்தது. அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். “பாப்பா, நுழையற எடம் வேற, ஒழுகற எடம் வேற. வரப்பு கட்டிப் பாரு.”

வரப்பு கட்டுவது என்பது இதுதான். வயலிலிருந்து ஒரு கூடை களிமண் எடுத்து வந்து, மொட்டை மாடியில் 4 அங்குல உயரத்துக்கு வரப்பு பிடித்து, தளத்தை மூன்று பாத்திகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு பாத்தியில் மட்டும் 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சொட்டுக்கு நேர் மேலிருந்த முதல் பாத்தி 24 மணி நேரம் சொட்டவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாத்தியில் தண்ணீர் விட்ட 5 மணி 40 நிமிடத்தில் வாளியில் சொட்டு விழுந்தது. அந்தப் பாத்திக்குள்தான் சூரிய வெந்நீர்க் கருவியின் தாங்குசட்டம் நின்றது. அதன் ஒரு காலுக்கும் சொட்டுக்கும் இடையே 6 அடி 2 அங்குலம். தட்டோட்டுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் தண்ணீர் அவ்வளவு தூரம் நடந்து போய், காங்கிரீட்டில் ஒரு மெல்லிய விரிசலைப் பார்த்து இறங்கியிருக்கிறது.

அந்தக் கருவியை 2019-இல் வைத்தது நான். நான்கு கால்களுக்கும் தளத்தைத் துளையிட்டு, 3 அங்குல போல்ட் இறக்கச் சொன்னதும் நான்தான். அப்போது அப்பா மாடி ஏறக்கூடியவராக இருந்தார். படியின் கடைசிக் கல்லில் நின்றுகொண்டு, “கருங்கல்லு மேல தூக்கி வெச்சா போதாதா?” என்று கேட்டார். காற்றில் சாய்ந்துவிடும் என்று நான் சொன்னேன். படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். 2021-இல் அந்தப் பகுதியில் தட்டோட்டின் மேல் அரை அங்குலம் சிமெண்ட் பூசி, அதன் மேல் ஒரு வெள்ளை வண்ணமும் அடித்தேன். வெயில் இறங்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பூச்சு இரண்டே கோடையில் வெடித்தது. வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை.

மாசியில் வேலையைத் தொடங்கலாம் என்று அப்பா நாள் சொன்னார். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு சட்டென்று காய்ந்து வெடிக்கும், மழைக்காலத்தில் காயவே காயாது, மாசிப் பனியில்தான் நிதானமாக இறுகும் என்பது அவர் கணக்கு. ஈட்டிய விடுப்பில் 12 நாள் எழுதிக் கொடுத்தேன். அப்பாவிடம் இருபது ஆண்டுகள் சித்தாளாக இருந்த அத்தை ஒருவர் துணைக்கு வரச் சம்மதித்தார். அவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. உறவில்லை என்றாலும் சிறு வயதிலிருந்தே அவரை அத்தை என்றுதான் அழைக்கிறேன். அவர் இன்றும் அப்பாவை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார். எடுபிடிக்கு அண்ணன் மகன்.

பெயர்க்க வேண்டிய பரப்பு 12 அடிக்கு 10 அடி, அதாவது 120 சதுர அடி. நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்னும் கொத்தனார் கணக்கில் ஒன்றேகால் சதுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. துளைக்கும் இயந்திரம் கூடாது, அது அதிர்ந்து நல்ல தளத்தையும் கெடுத்துவிடும் என்று அப்பா சொன்னதால், உளியும் சுத்தியலும் கொண்டே பெயர்த்தோம். இரண்டு ஆட்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

அப்பாவின் வேலையை என் வாழ்க்கையில் முதன்முறையாக உள்ளிருந்து பார்த்தது அந்த இரண்டு நாளில்தான். நான் பூசிய சிமெண்ட், தட்டுத் தட்டாகக் கையோடு வந்தது. போல்ட் இறங்கிய இடத்தைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சுண்ணாம்புத் தளம் கறுத்து, நனைந்த வெல்லம்போல் நொறுங்கியது. அதைத் தாண்டியதும் உளியின் சத்தமே மாறிவிட்டது. வெளிர்சிவப்பில், ஜல்லிக்கும் சுண்ணாம்புக்கும் இடையே நகம் நுழைய இடமில்லாமல், உளி பட்டால் ‘டங்’ என்று திருப்பி அடிக்கும் தளம். ஒரு துண்டைப் பெயர்க்க இருபது அடி அடிக்க வேண்டியிருந்தது. ஜல்லி தனியே பிரியவில்லை. உடைந்தால் ஜல்லியும் சேர்ந்தே குறுக்காக உடைந்தது. சரியாக வேகாத ஒரு முழுக் கிளிஞ்சல், வரிகள்கூட அழியாமல், அந்தத் துண்டுக்குள் இருந்தது. அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டைவிரலால் அதன் வரிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, “சல்லடையில தப்பிடுச்சு,” என்றார். 38 ஆண்டுகளுக்குப் பிறகு தம் வேலையில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்ட வருத்தம் அவர் குரலில் தெரிந்தது.

தளத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடைத்தது. வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவு, பார்ப்பதற்காக அவர் அன்று வைத்த புள்ளிகள். ஐந்தடிக்கு ஒன்றாக, காங்கிரீட்டின் மேல் கொஞ்சம் கலவை வைத்து, அதில் ஓர் ஓட்டுத் துண்டைப் பதித்திருந்தார். அந்தத் துண்டுகளின் தலைமட்டம்தான் தளத்தின் மட்டம். பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம் என்பது அவர் வாயிலிருந்து நான் நூறு முறை கேட்ட வாக்கியம். மட்டம் பார்க்கும் நீளக் குழாயான டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பழைய புள்ளிகளை ஒவ்வொன்றாக அளந்தேன். மேட்டுப் புள்ளிக்கும் வடிகுழாய்ப் பக்கத்துப் புள்ளிக்கும் இடையே பத்தடி. மட்ட வேறுபாடு 2 அங்குலம். ஒரு தீக்குச்சிக் கனம் மட்டுமே கூடுதல். சிறுமியாக நான் அந்த டியூபின் மறுமுனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஈ உட்கார்ந்தால்கூட விரட்டாமல் நிற்பேன். “அசையாதே பாப்பா, தண்ணி மூச்சு வாங்கி நிக்கட்டும்,” என்பார். இப்போது அதே சொற்களை அண்ணன் மகனிடம் நான் சொன்னேன். கீழேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அறையின் ஜன்னல் திறந்திருந்ததை நான் கவனித்திருக்கவில்லை.

காங்கிரீட்டில் ஓரிடத்தில் கம்பி துருப்பிடித்து, ஓர் அடி நீளத்துக்கு மேல்தோல் கழன்றிருந்தது. கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுச் சிமெண்ட் கலவையால் மூடினோம். அது சிறிய வேலை.

அடுத்த தவறு சுண்ணாம்பில். கடையில் பையில் கிடைத்த தூள் சுண்ணாம்பைச் சோம்பலில் வாங்கிவந்து, முதல் நாள் 30 சதுர அடிக்குத் தளம் போட்டேன். நான்கு நாள் தட்டியும் அது பிடிக்கவில்லை. விரலால் சுரண்டினால் வந்தது. ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு கீழே போனேன். அப்பா அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். பிறகு ஊதினார். “இது காத்து குடிச்சுச் செத்துப்போன சுண்ணாம்பு. செவுத்துக்கு வெள்ளை அடிக்க ஆகும், தளத்துக்கு ஆகாது,” என்றார். போட்டதை எல்லாம் வாரி எறிந்தோம். சுண்ணாம்புக்குக் கொடுத்த 1,150 ரூபாயைவிட விடுப்பில் கழிந்த நான்கு நாள்தான் எனக்கு வலித்தது. புதிய சுண்ணாம்பில் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி போட்டுப் பார்த்த பின்பே முழுத் தளத்துக்கு இறங்க வேண்டும் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் அதை வயதானவர்களின் அதிகப்படியான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கடற்கரையோரச் சுண்ணாம்புக் காளவாய் ஒன்றுக்கு நேரில் போய், அன்று சுட்ட கிளிஞ்சல் 225 கிலோ வாங்கிவந்தோம். அதைத் தாளிக்கும்போது, அதாவது தண்ணீர் ஊற்றி நீற்றும்போது, கிட்ட நிற்கக் கூடாது. தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் கிளிஞ்சல் சீறிக்கொண்டு வெடித்து, ஆவி கிளம்பி, பூவாக மலர்ந்தது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டிருந்தும், கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் தெறித்த ஒரு துளி என் மணிக்கட்டில் இன்றும் வெள்ளைத் தழும்பாக இருக்கிறது. அத்தை வெறுங்கையோடு, தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வேலை செய்தார். கையுறை கொடுத்தும் வாங்கவில்லை. நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, வேகாத கிளிஞ்சல்களைப் பொறுக்கி எறிந்து, நனைந்த சாக்கைப் போட்டு மூடினோம். சல்லடையில் இந்த முறை எதையும் தப்பவிடவில்லை. நான் இரண்டு முறை சலித்தேன்.

ஜல்லிக்குச் சூளையில் நன்றாக வெந்த செங்கல்லின் உடைசலை வாங்கி, முக்கால் அங்குல அளவுக்குக் கையால் உடைத்து, தூசியைச் சலித்து, முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவிட்டோம். உலர்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தைக் குடித்துவிடும்.

கலவை விகிதத்தில்தான் அப்பா என்னைத் திகைக்கச் செய்தார். தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் வரையறையில், இத்தகைய தளத்துக்கு மணல் இல்லாமல், கன அளவில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று இருக்கிறது. அதை எழுதி வைத்துக்கொண்டு, அப்பாவிடம் அவருடைய கணக்கைக் கேட்டேன். “எட்டுச் சட்டி ஜல்லிக்கு மூணு சட்டி சுண்ணாம்பு. ரெண்டு சட்டி தலைதட்டி, மூணாவது சட்டியைக் கொஞ்சம் கூம்பா வெச்சுக்க,” என்றார். 32-க்கு 12½ என்றால் 8-க்கு மூன்றே அரைக்கால், அதாவது 3⅛. மூன்றாவது சட்டியின் அந்தக் கூம்புதான் அரைக்கால். ஒரு சட்டியைத் தலைதட்டி அளந்தேன். பிறகு அத்தையைக் கூம்பாக அள்ளச் சொல்லி, தலைக்கு மேலிருந்ததை மட்டும் வழித்து அளந்தேன். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு இருந்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர் என் அப்பா. இந்தக் கூம்பை அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டதற்கு, சத்திரங்களுக்குப் பழுது பார்த்த தம் மேஸ்திரியிடம் என்றார்.

தட்டும்போது தெளிப்பதற்குக் கடுக்காய்த் தண்ணீர். ஒரு சதுரத்துக்கு 600 கிராம் கடுக்காயை உடைத்துப் போட்டு, 200 கிராம் வெல்லம் சேர்த்து, ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவும் பகலும் ஊறவைத்து, தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடியும்வரை மூன்று கிலோ கடுக்காய் செலவானது. வீடு முழுவதும் நாட்டு மருந்துக்கடை வாசனை அடித்தது.

பழைய தளத்தின் விளிம்பை நேராக வெட்டாமல், படிபோல் இரண்டு தட்டாக வெட்டி, நன்றாக நனைத்து, புதியதை அதன் மேல் ஏறி உட்காரும்படி போட்டோம். 4 அங்குலம் பரப்பினால் தட்டித் தட்டி 3 அங்குலமாகும். இனி எல்லாம் தட்டுவதுதான். கைக்கு அடக்கமான மரக்கட்டையால், குந்தி உட்கார்ந்து, வரிசை தப்பாமல், காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், ஏழு நாள். முதல் நாள் ஓங்கி அடிக்க வேண்டும். போகப் போக அடி மெலிய வேண்டும். இரண்டாம் நாள் முடிவில் என் முழங்கால்கள் வீங்கிவிட்டன. அத்தை பழைய தட்டுப் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கியதும், கை தானாக ஒரு தாளத்துக்குள் போனது. 1986-இல் இதே இடத்தில் அவரும் என் அம்மாவும் எதிரெதிராக உட்கார்ந்து தட்டியதாகச் சொன்னார். அம்மா போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவுக்குப் பாட வராது, அடி மட்டும் தப்பாது என்றார்.

மூன்றாம் நாள் பிற்பகல் அண்ணன் மகன் மூச்சிரைக்க மேலே என்னிடம் வந்தான். “அத்தை, வடகிழக்கு மூலையில இன்னும் பொத்துப் பொத்துன்னு கேக்குதாம். தாத்தா சொல்லச் சொன்னாரு.” எனக்கு எல்லா இடமும் ஒன்றாகத்தான் கேட்டது. கைப்பேசியில் அந்த மூலையைப் படம் பிடித்துக் கீழே கொண்டுபோனேன். அப்பா கைப்பேசியை ஒதுக்கினார். “படம் எதுக்கு? சத்தத்தைக் கேக்க விடு. மேல போயி தட்டு.” ஓர் இரும்புக் கம்பியை எடுத்து, தளத்தில் பத்து இடத்தில் ஒரே கனமாக அழுத்திப் பார்த்தேன். ஒன்பது இடத்தில் தடம் மட்டும் விழுந்தது. வடகிழக்கு மூலையில் அரை அங்குலம் இறங்கியது. அங்கே காங்கிரீட் சற்றுப் பள்ளமாக இருந்ததால், நான் ஐந்து அங்குலத்தை ஒரே தட்டாகப் போட்டிருந்தேன். மேல்பாகம் இறுகிவிட்டது, அடி இன்னும் தொளதொளவென்று இருந்தது. அந்த மூலையை மட்டும் வாரிவிட்டு, இரண்டு தட்டாகப் பிரித்துப் போட்டோம். “மேஸ்திரி கால்தான் கீழ இருக்கு, காது மாடியிலதான் இருக்கு,” என்றார் அத்தை.

அதன்பிறகு நான் வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் மாலையில் தளத்தின் நீளவாக்கில் ஓர் அடி தூரத்துக்கு ஒரு முறை கட்டையால் தட்டிக்கொண்டே போவேன். சரியென்றால் கீழேயிருந்து சத்தம் வராது. சரியில்லை என்றால் அப்பா தம் கைத்தடியால் கட்டில் சட்டத்தை ஒரு முறை தட்டுவார். அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டுவிட்டு மேலே நகர்வேன். நான்காம் நாள் பதினொரு குறி. ஐந்தாம் நாள் நான்கு. ஏழாம் நாள் மாலையில் தளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தட்டிக்கொண்டு போனேன். கட்டை ஒவ்வோர் அடிக்கும் கையைத் திருப்பித் தள்ளியது. கீழே ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டாரோ என்று இறங்கிப் பார்த்தேன். விழித்துத்தான் இருந்தார்.

பத்து நாள் வைக்கோலைப் பரப்பி நனைத்து வைத்தோம். விடுப்பு அதற்குள் முடிந்துவிட்டதால், தட்டோடு பதிக்கும் வேலையை இரண்டு சனி, ஞாயிறுகளில் செய்ய வேண்டியதாயிற்று. 9 அங்குலச் சதுர ஓடு, முக்கால் அங்குலக் கனம்; தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையில் பதித்தோம். 213 ஓடு தேவைப்பட்டது. உடையாமல் தப்பிய பழைய ஓடுகள் போக 170 வாங்கினேன். புதியவை பழையவற்றைவிட இரண்டு மில்லிமீட்டர் கனம் குறைவு என்பதைக் கவனிக்கவில்லை. கலந்து பதித்த இரண்டு வரிசைகளை மறுபடி பெயர்க்க நேர்ந்தது. இணைப்புகளைச் சிவப்புக் காவி கலந்த சிமெண்டால் அடைத்தோம்.

பதிப்பதற்கு அப்பாவின் பையை அவிழ்த்தேன். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும் மணியாசுக் கட்டை, கலவை பூசும் கரணை. எல்லாம் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி இருந்தன. கரணையின் இடது விளிம்பு 8¾ அங்குலம், வலது விளிம்பு 8¼. வலக்கையால் ஒரே கோணத்தில் வழித்து வழித்து அரை அங்குல இரும்பு தேய்ந்திருக்கிறது. மணியாசுக் கட்டையின் பிடியில் நான்கு விரலுக்கும் பள்ளம் விழுந்திருந்தது. என் விரல்கள் அந்தப் பள்ளங்களில் உட்காரவில்லை. பள்ளங்களின் இடைவெளி என் கைக்கு அதிகம். பையின் அடியில் ஒரு கோலி சோடா பாட்டில் இருந்தது. சிறு வயதிலிருந்தே அந்தப் பையில் அதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் குடித்துவிட்டுப் போட்டது, தூக்கி எறிய மறந்துவிட்டார் என்றே இத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன்.

கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையில் குழவு பிடிக்கும்போதுதான் அது எதற்கென்று தெரிந்தது. அந்த மூலையைச் செங்கோணமாக விட்டால் தண்ணீர் தங்கும். உள்வளைவாகப் பூச வேண்டும். கரணையால் எவ்வளவு முயன்றும் எனக்கு மேடும் பள்ளமுமாகத்தான் வந்தது. அத்தை பாட்டிலை எடுத்து, ஈரத்தில் தோய்த்து, படுக்கவைத்து, பச்சைக் கலவையின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தார். பத்தடி நீளத்துக்கு ஒரே சீரான, கண்ணாடி மினுமினுப்போடு கூடிய வளைவு விழுந்தது. பாட்டிலின் ஒரு பக்கம் முழுவதும் தேய்ந்து மங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

வெந்நீர்க் கருவியை நான்கு கருங்கல் பாளத்தின் மேல், போல்ட் இல்லாமல், தூக்கி வைத்தோம். இதுவரை சாயவில்லை.

செலவு மொத்தம் 26,170 ரூபாய். அதில் அத்தைக்கு ஒன்பது நாள் கூலி 6,300, பெயர்க்கவும் ஜல்லி உடைக்கவும் வந்த ஆட்களுக்கு 3,600, கிளிஞ்சல் சுண்ணாம்பு 3,600, செங்கல் உடைசல் 2,800, ஓடு 3,060. குழாய்க்காரர் 1,500, வண்டி வாடகை 1,400 வாங்கினார்கள். மீதி கடுக்காயும் சிமெண்டும் மற்றவையும், வீணான அந்தத் தூள் சுண்ணாம்பும். டிசம்பரில் கொட்டிய 4,800 இதில் சேராது. அத்தைக்கு நாளைக்கு 700 என்பது குறைவு. மறுமுறை ஆயிரத்துக்குக் குறையாமல் கொடுப்பேன். மறுமுறை என்று ஒன்று வந்தால் விடுப்பு 20 நாள் எடுப்பேன், சுண்ணாம்பை இரண்டு வாரம் முன்பே நீற்றிவிடுவேன், 4 அங்குலத்துக்கு மேல் எங்கும் ஒரே தட்டாகப் போட மாட்டேன், முழங்காலுக்குத் தடித்த பஞ்சு மெத்தை ஒன்று தைத்துக்கொள்வேன். மாதிரி போட்டுப் பார்ப்பேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சித்திரையில் மறுபடி வரப்பு கட்டி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம், ஒன்றும் கசியவில்லை. அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. நின்ற தண்ணீர் வேறு, அடித்துப் பெய்யும் மழை வேறு என்றார். 2024 நவம்பர் கடைசி வாரத்தில், பின்னர் ஃபெஞ்சல் புயலாக மாறிய தாழ்வு மண்டலம் டெல்டாவில் இரவும் பகலும் கொட்டியது. அன்று இரவு நான் டார்ச் விளக்கோடு அப்பாவின் அறையில் பாய் விரித்தேன். பழைய கறையின் ஓரத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விரலால் தொட்டுப் பார்க்க ஏணியும் போட்டிருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு அவர் என்னை எழுப்பினார். கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்தச் சொன்னார். விடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். “இப்பவே நகத்து,” என்றார். நகர்த்தினேன். கறைக்குப் பக்கத்திலேயே தலையை வைத்துக்கொண்டு, விடியும்வரை குறட்டை விட்டுத் தூங்கினார்.

மழை விட்டதும் மாடிக்குப் போய்ப் பார்த்ததில், வடகிழக்கு மூலைக் குழவில் எட்டு அங்குல நீளத்துக்கு, அஞ்சலட்டைக் கனத்தில் ஒரு விரிசல் இருந்தது. அது நான் கரணையால் பூசிய பகுதி. கீழே வந்து சொன்னேன். “தை பொறக்கட்டும். அந்த சோடா பாட்டிலைத் தூக்கிப் போட்டுடாதே,” என்றார்.